தலைவர் குடிக்காத கொயினா

"அவ்வளவு நேரம் பேசினவரு, கொயினாவுக்கு மட்டும் வாயத் திறக்கலடி!"

குளுவாங்கில் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த ரப்பர் தோட்டத்துப் பெண் சொன்னாள். காய்ச்சலில் கம்பளி போர்த்தியிருந்தாள். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். துணைக்கு வந்த இளையவள் கேட்டாள்:

"யாரு, அக்கா?"

"தொழிற்சங்கத் தலைவருதான். காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல எங்கள நிறுத்தி வச்சுப் பேசினாரு. மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் பிடிப்பாங்களாம், சீக்கு வந்தா சும்மாவே வைத்தியமாம். எங்க சங்கமே ஆதரிக்குது, நம்பிக் கை தூக்குங்கன்னாரு."

"அப்புறம்?"

"தோட்டத்துல மருந்து குடுக்குற டிரஸ்ஸரு எப்பவும்போல வரிசையா எல்லாருக்கும் மலேரியாவுக்குக் கசப்புக் கொயினாத் தண்ணி ஊத்திக்கிட்டே வந்தாரு. அதே கையோட தலைவருகிட்டயும் கோப்பைய நீட்டிட்டாரு."

"அலமாக்! குடிச்சாரா?"

"எனக்கு வேணாம், நான் சிங்கப்பூர் டாக்டர்கிட்டதான் பாக்குறதுன்னுட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். காய்ச்சல்காரிக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"அப்ப திட்டத்துக்கு நீங்க கை தூக்கலதானே?"

"தூக்கினேன்."

"ஏங்க்கா?"

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு ஏதுடி சிங்கப்பூர் டாக்டரு?"