அழியாத சிவப்பு

அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இருந்த பெண், "நான் பூசுன சிவப்பு மறுபடியும் போயிருச்சுண்ணே" என்றாள்.

லேப்டாப் பையோடு அவள் அருகில் இருந்தவர், "சாஃப்ட்வேரோட மெயின் ஃபைல்ல கை வச்சா, அடுத்த அப்டேட்ல அழிஞ்சு போகத்தானம்மா செய்யும்" என்றார்.

"சோதிச்சுப் பாக்குற டெஸ்ட் சைட்டோட அட்மின் பக்கம் சிவப்பா இல்லேன்னா, ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு எது டெஸ்ட், எது நிஜக் கடைன்னு வித்தியாசம் தெரியல. 'சும்மா டெஸ்ட், எல்லாச் சேலையும் இலவசம்'னு நிஜக் கடை சைட்லயே போட்டுட்டாரு."

"வாசல்ல கூட்டமா?"

"சிரிக்காதீங்கண்ணே. இன்னொருக்கா நடந்தா வேற ஆளப் பாப்பேன்னுட்டாரு."

"அவரு பாஸ்வேர்டப் பிடுங்கிரு."

"அவரு கடைண்ணே. இந்தத் தடவை மெயின் ஃபைலத் தொடாம தனி ஃபைல் எழுதி, இதுக்குன்னே விட்டிருக்குற ஃபில்டர் ஹூக்குங்கிற கொக்கியில சிவப்ப மாட்டிட்டேன். எம்புட்டு அப்டேட் வந்தாலும் நிக்கணும்."

"நிக்கலேன்னா?"

"ஆபீஸ் போனதும் டெஸ்ட் சைட்ல அப்டேட்ட நானே ஓட்டிப் பாக்குறேன். நின்னாத்தான் அண்ணாச்சிக்குப் போன்."