விதிமீறல் இல்லை

மெர்சியக்கா வைக்கும் தேங்காய்ப்பால் சொதி எங்கள் திருநெல்வேலிச் சொதி மாதிரி இருக்காது, புளிப்பு தூக்கல். ஆனாலும் வாரம் தவறாமல் ஒரு கிண்ணம் தருவார், நானும் வழித்துச் சாப்பிட்டுவிடுவேன். அதனால் எங்களுக்குள் முன்விரோதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், சார்.

சேரப்பணஞ்சேரியில் டில்லிபாபு வீட்டு மாடியில் அடுத்தடுத்த அறை எங்களுக்கு. அக்கா இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர், ஒரகடத்தில் கம்பெனி வேலை. நானும் அங்கே கம்பெனி லைனில் நின்றவன்தான். முதுகு போனதும் அறையிலிருந்தே பார்க்கும் வேலைக்கு மாறினேன். ஒரு சமூக வலைத்தளத்துக்கான கான்ட்ராக்ட். தமிழ்ப் பதிவுகள்மேல் வரும் புகார்களைப் பார்த்து, பதிவை நீக்கவோ விடவோ வேண்டும். எங்கள் ஷிப்டில் தமிழுக்கு இந்த நம்பி ஒருவன்தான்.

ஒருநாள் ஒரு படம் வந்தது. போரில் செத்த குழந்தையைத் தாய் மடியில் வைத்திருக்கிறாள். 'அங்கே படுகொலையே நடக்கவில்லை. இது பொம்மை, இவள் நடிகை' என்று எழுதியிருந்தது. அவசரத்தில் விட்டுவிட்டேன். முகத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் அக்கா போனை நீட்டினார்.

"தம்பி, இது என்ர பிள்ளை. பொம்மையெண்டு எழுதியிருக்கினம். ஆரிட்டையாவது சொல்லி எடுப்பியளோ?"

மேலே சொல்கிறேன் என்றேன். மேலே யாரும் இல்லை, நான்தான். விட்டதைத் திரும்ப நீக்கினால் என் தவறாகப் பதிவாகும். தவறு சேர்ந்தால் வேலை போய்விடும். அக்கா திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார். எல்லாம் என்னிடமே வந்தன. 'விதிமீறல் இல்லை' என்று அழுத்துவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் போன் சிணுங்கும். சங்கடமாகத்தான் இருந்தது.

பிறகு அந்தப் படத்தின் கீழேயே ஒருவன், 'அகதி வேஷம் போட்டு நம் வேலையைப் பிடித்தவள் சேரப்பணஞ்சேரியில் டில்லிபாபு வீட்டு மாடியில் இருக்கிறாள், போய்க் கேளுங்கள்' என்று எழுதினான். அதையும் அக்கா புகார் செய்தார். கதவு எண் இல்லாவிட்டால் முகவரி ஆகாது என்பது விதி. விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்தார்கள். பொம்மை எங்கே என்று கேட்டுச் சிரித்தார்கள். அக்கா என் கதவைத் தட்டினார்.

"தம்பி, கதவைத் திறவுங்கோ."

நான் ஷிப்டில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது. கீழேயிருந்து டில்லிபாபுவின் குரல் வந்தது.

"நம்பி, அந்தம்மா மாடிலேந்து வியுந்து கெடக்குதுப்பா. மூச்சு இல்ல."

அக்கா கிடந்த படம் அன்றே என் திரைக்கு வந்துவிட்டது. 'இதுவும் பொம்மைதான்' என்று மேலே எழுதியிருந்தது. இந்த முறை அவசரப்படவில்லை, சார். முகத்தை நன்றாகப் பார்த்தேன். அக்காவேதான். ஆனால் பிள்ளையின் படத்தை விட்டுவிட்டுத் தாயின் படத்தை மட்டும் நீக்கினால் பாரபட்சமாகிவிடும். அதையும் விட்டேன். வேலையில் நான் யாருக்கும் பாரபட்சம் காட்டியதில்லை.