பாலத்துக்கு ஒரு பச்சைப் புள்ளி

எனக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். சுவரில் காலண்டர் கொஞ்சம் கோணலாகத் தொங்கினால்கூடச் சோறு இறங்காது. வந்து உட்கார்ந்ததும் உங்கள் மேசையிலிருந்த பேனாவை நேராக்கினேன் அல்லவா, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மனைவி இதை வியாதி என்பாள். நான் பொறுப்பு என்பேன்.

விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன். பொதுப்பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்து, அது வேலையாக மாறியதா என்று கண்காணிக்கும் மென்பொருளை எங்கள் வட்டாரத்தில் பார்த்துக்கொண்டவன் நான்தான். ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு புள்ளி. முடிந்தால் பச்சை, இழுத்தடித்தால் சிவப்பு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் அதிகாரி மேடம் சிவப்பை மட்டும் உரக்க வாசிப்பார். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதை வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் திரையில் ஒரே ஒரு சிவப்பு இருந்தது. ஆற்றுப் பாலம். காண்டிராக்டர் முன்பணத்தோடு கம்பி நீட்டிவிட்டார். மென்பொருள் கேட்டதோ ஒரு படம்தான். ஆற்றங்கரையில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும், அதில் பாலம் தெரிய வேண்டும். இடத்தைச் சரிபார்க்கும், பாலத்தைத் தட்டியா பார்க்கும்?

வேறெங்கோ இருக்கும் ஒரு நல்ல பாலத்தின் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸில் அடிக்கக் கொடுத்தேன். கடைக்காரர் பலமுறை கேட்டார்.

"வெறும் பாலம் மட்டும் போதுமா சார்? ஓரத்துல உங்க படம் ஒண்ணு வெச்சுக்கலாம். கீழ 'வருக வருக'ன்னு போடுறேன், அதுக்குக் காசு வேணாம்."

வேண்டாம் என்றேன். எனக்கு விளம்பரம் பிடிக்காது.

கரையில் கம்பு நட்டுத் துணியைக் கட்டி, படம் எடுத்து அனுப்பினேன். புள்ளி பச்சையானது. அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் மென்பொருள் தானாகச் செய்தது. பாலம் உள்ள இடத்தில் படகு வீண்செலவு என்று படகுக்கான பணத்தை நிறுத்தியது. அரசுப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படகுக்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"பாலம் வந்துருச்சுங்கறாங்களே, எங்க சார் இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல இருக்குண்ணே."

"அதுல ஏறி நான் அக்கரைக்குப் போறதா?"

படிப்பில்லாதவர், கோபப்படக் கூடாது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். சிக்கனத்துக்காக மேடம் எனக்குக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள்.

அக்கரையில்தான் என் அக்கா வீடு. பாலத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லி அவள் போனுக்கு மென்பொருளே செய்தி அனுப்பியிருக்கிறது. ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். கை தவறி அழுத்தியிருப்பாள் என்று நான்தான் ஐந்தாக்கினேன். உடனே போன் வந்தது.

"டேய், என்னடா பண்ணி வெச்சிருக்க? உங்க அத்தானுக்கு நெஞ்சு சரியில்லடா. அவசரம்னா எப்படிடா கூட்டிட்டுப் போறது?"

அக்கா சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், எல்லாவற்றுக்கும் பதறுவாள்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. அக்கா கூப்பிட்டாள். பெரியவர்கள் முன்னால் போன் எடுப்பது மரியாதையில்லை, எடுக்கவில்லை. அடுத்து ஆம்புலன்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அரசாங்க எண், எடுத்தேன்.

"சார், கம்ப்யூட்டர் பாலத்து வழியா அனுப்பிருச்சு. டிரைவர் இக்கரையில நிக்கறாரு. வெறும் துணிதான் ஆடுதுங்கறாரு. பாலம் இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, சுத்துவழியா அனுப்பிடறேன். இப்பவே கிளம்பினா பிழைக்க வெச்சிடலாம்."

எதிரே மேடம் வாசித்துக்கொண்டிருந்தார். சுவரில் பெரிய திரை, என் வட்டாரம் முழுக்கப் பச்சை. நான் இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் அதைப் பதிவு செய்வாள். அத்தனை பேர் முன்னாலும் அந்தப் புள்ளி சிவக்கும்.

"பாலம் இருக்கும்மா. டிரைவரை நல்லாப் பாக்கச் சொல்லுங்க" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

அத்தான் தங்கமான மனுஷன். எனக்கும் துக்கம்தான், யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அக்கா உங்களுக்கு எழுதிக் கொடுத்த புகாரில், சாவுக்குக்கூட நான் எட்டிப் பார்க்கவில்லை என்று போட்டிருக்கிறாளாம். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அரைநாள் லீவு போட்டு ஆற்றங்கரை வரைக்கும் போனேன். துணி காற்றில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அதையும் இழுத்துக் கட்டினேன். அக்கரையில் அழுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. ரொம்ப நேரம் நின்றேன்.

நீங்களே நியாயம் சொல்லுங்கள் சார். எப்படிப் போவேன்? அங்கே பாலம் இல்லை.