விரத நாளில் விழுங்கிய மாத்திரை

அறவாழி தரும மருத்துவமனையின் அருந்துணையே! இருபத்தொன்பது ஆண்டுகள் மருந்துச் சாளரத்தின் மறுபுறம் நின்று, கசப்பை அளந்தும் கனிவை அளக்காமலும் வழங்கிய வள்ளலே! ஊரார் வாயில் 'மருந்தம்மா'வாகவும் எங்கள் உள்ளத்தில் உடன்பிறப்பாகவும் உறைந்து, இன்று பணி ஓய்வு பெறும் மருந்தாளுநர் திருமதி ரேணுகாம்பாள் அவர்களே, வணக்கம்!

பாராட்டினால் தாங்கள் தலைகவிழ்வீர்கள். ஆதலின் பட்டங்களைச் சுருக்கி, நடந்ததொன்றை விரிக்கிறோம். முன்வரிசையில் தாங்கள் வீற்றிருக்கவே, தங்களை 'அவர்' என்று அவையோர்க்குச் சொல்லும் உரிமையை இன்று மட்டும் தந்தருள்க!

1977ஆம் ஆண்டு. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக் கொல்லைக்குக் கூலிக்குப் போகும் ஆராயிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மாத்திரையை நீட்டியபோது ரேணுகாம்பாள் சொன்னார்: "ஆராயிக்கா, காலையில சாப்பிடறதுக்கு அரைமணி முன்னால ஒண்ணு. ஒருநாள்கூட தவறக்கூடாது."

ஆராயி தவறவில்லை. கார்த்திகை தீபத்தன்று, மலைமேல் தீபம் ஏற்றும்வரை தண்ணீர் மட்டுமே என்று விரதமிருந்தவர், விடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டே கணவர் சடையனோடு திருவண்ணாமலைக்கு பஸ் ஏறினார். பிற்பகலில், கோயில் வீதிக் கூட்டத்தில், வியர்த்து நனைந்து நாக்குழறிச் சாய்ந்தார். மருத்துவமனைக்குத் தூக்கி வந்தவர்களை நோக்கி ரேணுகாம்பாள் ஓடினார்.

"காலையில சாப்பிட்டாங்களா?"

"மாத்திரை போட்டாம்மா. நீங்கதான தவறக்கூடாதுன்னீங்க?" என்றார் சடையன். "தீபம் பாக்காம எப்டி சாப்பிடறது?"

ரேணுகாம்பாள் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். சில நிமிடங்களில் ஆராயி கண் திறந்தார்.

"எழுந்துட்டா! மணி நாலுதான். கூட்டிட்டுப் போறேங்க, தீபம் பாத்துடுவா," என்றார் சடையன்.

"வேணாங்கண்ணா. நரம்புல ஏத்தின சர்க்கரை சீக்கிரம் தீந்துடும். மாத்திரை அப்டியில்ல. குடல்ல கரைஞ்சு ரத்தத்துல கலந்துட்டுது, ரொம்ப நேரம் நின்னு சர்க்கரையைக் குறைச்சிக்கிட்டே இருக்கும். இப்ப போனா வழியிலயே மறுபடியும் சாஞ்சிடுவாங்க."

ஆராயி கையைப் பிடித்துக் கெஞ்சினார்: "போன வருசம் காய்ச்சல். அதுக்கு முந்தின வருசம் மகளுக்குப் பிரசவம். இந்த வருசமாச்சும் ஏத்தறப்ப பாக்கணும் மருந்தம்மா."

ரேணுகாம்பாள் விடவில்லை. மாலை ஆறு மணிக்கு ஊரே 'அரோகரா' என்று முழங்கியது. அந்த வார்டிலிருந்து மலை தெரியாது. ஆராயி சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். அரைமணி கழித்து, சொன்னது போலவே, மீண்டும் மயங்கினார், மீண்டும் குளுக்கோஸ், பிழைத்தார். மலையில் தீபம் பல நாள் எரியும்தான். அவர் ஏங்கியது ஏற்றும் கணத்துக்கல்லவா?

"உசுரைக் காப்பாத்தினீங்க," என்றார் மறுநாள் புறப்படுகையில். "ஆனா உங்க மாத்திரை இனிமே வேணாம்மா."

அதன்பின் ஆராயி வரவேயில்லை. செவ்வாய்தோறும் சர்க்கரை நோயாளிகள் வரிசையில் ரேணுகாம்பாளின் கண்கள் அந்த ஒரு முகத்தைத் தேடின. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்தவர்களிடமெல்லாம் விசாரித்தார். இரண்டு அஞ்சலட்டை போட்டார், பதில் இல்லை. ஏறத்தாழ ஓராண்டு ஏங்கிய பிறகு, விடுப்பெடுத்துக்கொண்டு அவரே பஸ் ஏறினார்.

கொல்லை வரப்பில் ஆராயி பாதிக்குப் பாதியாய் இளைத்து உட்கார்ந்திருந்தார். வலக்காலில் ஆறாத புண். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"இன்னா மருந்தம்மா, இம்மா தூரம்?"

அருகில் அமர்ந்து ரேணுகாம்பாள் சொன்னார்: "வயித்துக்குள்ள கணையம்னு ஒண்ணு இருக்குதுக்கா. அதுதான் சர்க்கரையைக் குறைக்கிற இன்சுலினைச் சுரக்கணும். மாத்திரை ரத்தத்தோட போயி அதைத் தட்டிச் சுரக்க வைக்கும். நீங்க சாப்பிட்டீங்களா, பட்டினியான்னு மாத்திரைக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் கேக்கல. தப்பு என்னுது."

ஆராயி சேலையை இழுத்துக் காலின் புண்ணை மூடினார். பிறகு, "அப்ப விரதம் இருக்கவே கூடாதா?" என்றார்.

"முன்னாடியே வந்து டாக்டரைக் கேட்டுக்கணும். அன்னிக்கு மாத்திரை எப்டின்னு அவரு சொல்லுவாரு. கண்ணு இருண்டா விரதத்தை விட்டுட்டு வெல்லத்தண்ணி குடிங்க. அண்ணாமலையார் கோவிச்சுக்க மாட்டாரு."

அடுத்த செவ்வாய் ஆராயி வரிசையில் நின்றார். விரல்கள் இரண்டும் போயின, கால் தப்பியது. அவ்வாண்டு, டாக்டர் சொற்படி காலை மாத்திரையை நிறுத்தி, தீபம் ஏற்றும் கணத்தைக் கண்குளிரக் கண்டு, அதன்பின் உண்டார். ரேணுகாம்பாளோ அன்றும், அதன்பின் வந்த ஒவ்வொரு தீபத்தன்றும், மயங்கி வருவோர்க்காக மருத்துவமனையிலேயே இருந்துவிட்டார். "ஒரு வருசம் முன்னாடியே அந்த பஸ்ஸுல ஏறியிருந்தா ரெண்டு விரலும் இருந்திருக்கும்" என்று இன்றும் பெருமூச்செறிகிறார்.

அம்மையே! கழிந்த ஓராண்டை மீட்டுத் தரும் மருந்து எங்கள் அலமாரியில் இல்லை. அடுத்த செவ்வாய் தங்கள் முகம் தேடி வருவோர்க்குச் சொல்ல எங்களிடம் விடையும் இல்லை. நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க! வரும் கார்த்திகைக்குத் தங்களை அழைத்துப்போக ஆராயியே வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். தயங்காமல் போங்கள். சாளரத்தில் நாங்கள் நிற்கிறோம்.

பிரிய மனமில்லாத,
அறவாழி தரும மருத்துவமனைப் பணியாளர்கள்
திருவண்ணாமலை, 30.6.1986