ஓரெழுத்துச் சொல்

எனக்கு உதைபந்தாட்டத்தில் பெரிய விருப்பம் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்த ஒருவன் இப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் ஆட்டக்காரன் என் தம்பி செபஸ்ரியன்தான்.

நீங்கள் விசாரிப்பது உதைபந்தாட்டக் கழகத்து டாக்டரை. அவரை விட்டுவிடுங்கள், அவர் மேல் பிழை இல்லை. நடந்ததை நான் தமிழில் எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பாளர் சுகந்தி அதை டொச்சு மொழிக்கு மாற்றுவார் என்றீர்கள். சுகந்தி, ஒரு சொல்லையும் விடாமல் மாற்றுங்கள். எனக்கு ஒருவரிடமும் பயமில்லை.

நான் சுவிஸுக்கு, இந்தப் பாசல் நகரத்துக்கு, வந்தது எண்பத்து நான்கில். தம்பி எண்பத்தாறு ஐப்பசியில் வந்தான், பதினேழு வயது. அடுத்த தை மாதமே எங்கள் இருவரின் அகதி விண்ணப்பமும் தள்ளுபடியானது. மேன்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதே மாதம் பள்ளிக்கூட மைதானத்தில் அவன் ஆடியதைப் பயிற்சியாளர் லுட்ஸ் பார்த்துவிட்டார். வீடு தேடி வந்தார், ஒரு தடவையல்ல, மூன்று தடவை. காலுக்குப் புதுச் சப்பாத்து கொண்டுவந்தார். வைகாசியில் தேர்வு ஆட்டம், அதில் எடுபட்டால் இளைஞர் அணியில் இடம், எங்களைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்று வெளிநாட்டவர் பொலிசுக்குக் கழகத்தின் கடிதம் என்றார். அவர் போன பிறகு நான் தம்பியின் கால்களைத்தான் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரின் உயிரும் அவற்றில் இருந்தது.

பங்குனியில் அவன் சொன்னான், "அண்ணை, முழங்காலுக்குக் கீழை நோகுது."

"ஓடினா நோகும்தானே. நான் பத்து மணித்தியாலம் நிண்டு சட்டி கழுவுறன். எனக்கும்தான் நோகுது."

"படுத்திருந்தாலும் நோகுது."

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. வேலைத்தலத்தில் இருந்து மாத்திரை கொண்டுவந்து கொடுத்தேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று. எண்ணெய் தேய்த்துவிட்டேன். கால் ஒரு பக்கம் தடிக்கத் தொடங்கியபோது நீளமான காலுறை வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளும் பயிற்சிக்கு அவனைப் பிந்தவிடவில்லை.

சித்திரையில் கழகத்தின் மருத்துவச் சோதனை. மொழிபெயர்க்க நான் போனேன். அன்று காலை மாத்திரை கொடுத்திருந்ததால் அவன் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் எலும்பை அழுத்தி, நோகிறதா என்று டொச்சில் கேட்டார். தம்பி "நோ" என்றான். எங்களுக்கு நோ என்றால் வலி. தலைநோ, வயிற்றுநோ என்று நாள்முழுக்கச் சொல்வோம். டாக்டர் இத்தாலிக்காரப் பிள்ளைகளின் "நோ" கேட்டுப் பழகியவர். இன்னொரு தரம் அழுத்தினார். "நோ, நோ" என்றான் தம்பி, நன்றாக விளங்கவேண்டும் என்று சத்தமாக. அந்தத் தடிப்பு அவருக்குத் தசையாகத் தெரிந்தது. "நல்ல கால்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தேர்வு ஆட்டத்தில் அவன் ஒரு கோல் போட்டான். இரண்டாம் பாதியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் முறிந்தது. எலும்புக்குள் கட்டி இருந்ததாம். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். வேளைக்கு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் சத்திரசிகிச்சை டாக்டர். வேளைக்கு வந்திருந்தால் லுட்ஸ் அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போயிருப்பார். அதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

கழகம் கடிதம் எழுதவில்லை. ஆஸ்பத்திரி எழுதியது. பல வருடம் சிகிச்சை வேண்டும், பராமரிக்க அண்ணன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று. இருவருக்கும் அனுமதி கிடைத்தது. அந்தக் கால் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் போனது. எங்கள் மேல்மாடியில் இருந்த தம்பித்துரையை இலங்கைக்குத் திருப்பி விமானம் ஏற்றினார்கள். இரண்டு காலோடுதான் ஏறினான். அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என்னைக் குற்றம் சொல்பவர்கள் முதலில் அவனைக் கண்டுபிடித்துத் தரட்டும்.

தான் பிழையான சொல்லைச் சொல்லிவிட்டதாகத் தம்பி அழுகிறான். அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். அவன் சொல்லைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சோதனைக்குப் போகும் வழியில், ட்ராமில், என்னைக் கேட்டான்.

"அண்ணை, நோகுது எண்டதுக்கு டொச்சில என்ன சொல்லுறது?"

எனக்கு அந்தச் சொல் தெரியும். நான் சட்டி கழுவும் குசினியில் கை சுட்டவர்கள் எல்லாம் அதைத்தான் கத்துவார்கள்.

"நோ எண்டே சொல்லு. டாக்குத்தருக்கு விளங்கும்" என்றேன். இல்லை என்பதற்கு இங்கே "நைன்" என்றுதான் வகுப்பில் படித்திருந்தான். அதனால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. இறங்கும்வரை அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

சுகந்தி, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றாமல் அப்படியே விடுங்கள். நான் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது நல்ல தமிழ்ச் சொல். அதில் பொய் ஒன்றும் இல்லை.