பதினான்கு டோக்கன்

இரவு பதினொன்று. ரங்கநாதன் தெரு... ஆள் இல்லாத ரங்கநாதன் தெருவை, கரண்ட் போனதும் கதை கேட்க உட்கார்ந்த பிள்ளைகளே, உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஷட்டர் மெக்கானிக். கடை மூடிய பிறகுதான் எனக்கு வேலை. அதனால் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவர் உருளும் சத்தம். அன்னாசித் தோலின் புளித்த வாசனை. மாம்பலத்தில் ரயில் போனால் காலுக்கடியில் லேசான நடுக்கம். அவ்வளவுதான்.

அங்கே ஒரு சந்தில், பூட்டிய கடைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். வைரவன். உங்கள் சிநேகிதன் ராகேஷின் சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக ஜவுளிக்கடை நடத்துபவர். அவருக்கு ஒரு சின்னச் சிக்கல்.

கடையில் பதினான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காலையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மூடும்போது பையைத் திறந்து காட்டிவிட்டு, டோக்கனை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே போவார்கள். பதினான்கு ஆணியும் நிறைந்தால் கடை காலி. நிறைந்திருந்தது. அவரே பார்த்தார். பூட்டினார். பூட்டை இழுத்தும் பார்த்தார்.

உள்ளே... டக்.

டக்... டக்.

"பேய்தானே மாமா?" என்கிறாயே ஜெயஸ்ரீ, பொறு. முதலில் ஷட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன்.

"ஆரம்பிச்சிட்டாருடா. கரண்ட் வர்றதுக்குள்ள பேயைக் காட்டு மாமா," என்கிறான் பிரபு. காட்டுகிறேன் நைனா. இது தெரியாவிட்டால் கடைசியில் பயம் வராது.

ஷட்டர் ஒரே தகடு இல்லை. நீளநீளமான பட்டைகள், ஒன்றோடொன்று கொக்கி போட்டது. பகல் வெயிலில் இரும்பு நீளும். இரவில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது கொக்கிகள் நழுவும். டக். வெயில் அடித்த நாளெல்லாம் இந்தச் சத்தம் கேட்கும். வைரவனிடம் நானே இதைச் சொன்னேன். புரிந்துகொண்டார். தலையாட்டினார். அன்று இரவும் திரும்பி வந்தார்.

"இன்னா அண்ணாச்சி, எத்தினியாவது வாட்டி?" இது அம்மாசி, அந்தச் சந்தின் வாட்ச்மேன்.

"ட்ரையல் ரூம்ல ஒரு பிள்ள மயங்கிக் கெடந்தா? விடியறதுக்குள்ள மூச்சு முட்டிச் செத்துருவாளே, வே."

"தோ, இப்பத்தானே ரெண்டு பேரும் உள்ள போய்ப் பார்த்தோம். ஒருத்தரும் இல்ல. ஊட்டுக்குப் போங்க."

போவார். ரயிலடி வரை போவார். 'துணி மூட்டைக்குப் பின்னால் பார்த்தோமா?' என்று தோன்றும். திரும்புவார். பூட்டைத் திறப்பார், தேடுவார், பூட்டுவார். ஐந்து நிமிடம் நிம்மதி. மறுபடியும்... ஓர் இரவில் பத்து முறை. பிறகு இருபது. உள்ளங்கை ஷட்டர் விளிம்பில் கிழிந்து ரத்தம். விடியற்காலை மூன்று மணிக்கு ஷட்டரில் காதை வைத்து உட்கார்ந்திருப்பார். அம்மாசி டீ வாங்கிக் கொடுப்பான். அழுதுகொண்டே குடிப்பார்.

கவனியுங்கள். அவருக்குப் புத்தி பிசகவில்லை. 'உள்ளே யாரும் இல்லை, இது முட்டாள்தனம்' என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. கொடுமையே அதுதான்.

மனைவி முத்துலட்சுமி ஷட்டரில் எலுமிச்சை கட்டினார். பூசணி உடைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் 'உள்ள யாரும் இருப்பாளோ?' என்று அவர் கேட்கக் கேட்க, "யாரும் இல்லைங்க, படுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருநாள் விடிகாலையில் வைரவன் மெல்லச் சொன்னார். "முத்து... முடியல. பிளாட்பாரத்துல நிக்கும்போது ஒரேயடியா முடிச்சிரலாம்னு தோணுது."

அன்று காலையே முத்துலட்சுமி அவரை அடையாறுக்கு அழைத்துப் போனார். மனநல மருத்துவர் ஃபிசா. முதலில் அந்தப் பிளாட்பாரப் பேச்சைத்தான் விசாரித்தார். எப்போதிலிருந்து, எத்தனை நாள் தோன்றியது என்று நேராகக் கேட்டார். தனியாக ரயிலடிக்கு அனுப்பக்கூடாது என்றார். அப்புறம் சொன்னார்:

"இது பேய் இல்ல. ஓசிடி. ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து, திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிற நோய். நிறைய பேருக்கு வர்றதுதான். மூளையில ஒரு அபாய மணி மாட்டிக்கிட்டு அடிக்குது. நீங்க போய்ப் பார்க்குற ஒவ்வொரு தடவையும், ஆபத்து நிஜம்னு அது கத்துக்குது. அதான் அடுத்த தடவை இன்னும் சத்தமா அடிக்குது."

முத்துலட்சுமி பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு ராத்திரிக்கு எத்தனை தடவை 'யாரும் இல்ல'ன்னு சொல்றீங்க?"

"கேக்கும்போதெல்லாம்..."

"அதுவும் பூட்டை இழுத்துப் பார்க்குற மாதிரிதான். நிறுத்தணும்."

"அவர் துடிக்கும்போது எப்படிங்க சும்மா இருக்கது?"

"சும்மா இருக்கிறதுதான்மா மருந்துல பாதி."

மீதிப் பாதி மாத்திரை. உடனே கேட்காது, இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்றார். கூடவே பயிற்சி. டோக்கனை ஒரு முறை பார். பூட்டை ஒரு முறை இழு. நட. பயம் ஏறும், ஏறட்டும். திரும்பாமல் இருந்தால் தானாக இறங்கும். யாரிடமும் கேட்காதே. யாரும் பதில் சொல்லாதே.

முதல் இரவு, முத்துலட்சுமி துணைக்கு நடக்க, மாம்பலம் பாலத்துக் கம்பியைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் நின்றார். சட்டை நனைந்துவிட்டது. நாற்பத்தோராவது நிமிடம், பயம் இறங்கியது. தானாகவே. இரண்டாவது வாரம் முப்பது நிமிடம். பிறகு பதினைந்து. மூன்றாவது மாதம் மனிதர் தூங்கினார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தூக்கம்.

பிறகு, போன ஐப்பசி மழை. நாலு நாள் விடாமல். ஷட்டர் ஏறி இறங்கும் பக்கச் சேனலில் துரு ஏறிவிட்டது, வந்து பார் என்று வைரவன் கூப்பிட்டார். போனேன். துரு எடுத்தேன். கீழ்ப்பட்டையின் உள்பக்கம் முழுக்க கிரீஸ் தடவினேன். மூடுவதற்கு முன் டார்ச் அடித்துக் கடை முழுக்க நடந்தேன், அது என் பழக்கம். ட்ரையல் ரூம், மூட்டைகளின் பின்புறம், கழிவறை. யாரும் இல்லை. பதினான்கு டோக்கனும் ஆணியில்.

வெளியே நின்று கைப்பிடியைப் பிடித்து இறக்கினேன். அவர் பூட்டினார். ஒரு முறை இழுத்தார்.

டக். டக். டக்.

நாலு நாளாக வெயிலே இல்லை. இரும்பு சில்லென்று இருந்தது. நீளாத இரும்பு எப்படிச் சுருங்கும்?

வைரவன் முகம் வெளுத்தது. என்னைப் பார்க்கவில்லை. 'கேட்டுச்சா?' என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்பது அவருக்கு வைத்தியம். எனக்குக் கேட்டது. ஆனால் நான் சொன்னால்... மூன்று மாதத்து மருந்தும், அந்தத் தூக்கமும் போய்விடும். அந்த மனிதரும் போய்விடுவார். வாயை மூடிக்கொண்டேன். அம்மாசி குடையோடு தூரத்தில் நின்றான். அவனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

நடந்தோம்.

அவரை வீட்டில் விட்டேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அவருக்கு முன்னால் போய், அம்மாசி கூட நிற்க, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து, ஷட்டரைத் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். கடை காலி. எதுவும் கலையவில்லை. கீழ்ப்பட்டையின் உள்பக்கம் டார்ச் அடித்தேன். நான் தடவிய கிரீஸில் எட்டுக் கோடுகள். பக்கத்துக்கு நாலு. கீழேயிருந்து மேலே... தூக்கப் பார்த்த விரல்கள்.

"தொடச்சிடு நைனா. அண்ணாச்சி வர்ற நேரம்," என்றான் அம்மாசி.

துடைத்தேன்.

அந்தக் கடை இன்றும் நடக்கிறது. வைரவன் நன்றாக இருக்கிறார், மாத்திரை சாப்பிடுகிறார், பேரனோடு பீச்சுக்குப் போகிறார். மழை நாட்களில் அங்கே ஷட்டர் இறக்குவது நான்தான். எனக்கும் அதே வழிதான். டோக்கனை ஒரு முறை பார்க்கிறேன். பூட்டை ஒரு முறை இழுக்கிறேன். தட்டினாலும் திரும்பாமல் நடக்கிறேன். பதினைந்து நிமிடத்தில் பயம் தானாக இறங்கிவிடுகிறது.