ஏ பிளாக் கழுவிய தொட்டி

தலைமைப் பொறுப்பேற்று, "டீச்சர், சுருக்கமா!" என்று இப்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரீரங்கன் சார் அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் பைக் மீதே கொலுவிருக்கும் தம்பிமார்களே! இந்த மாலையின் மகுடமே, ஆராய்ச்சி மாணவி ஜீவிதாவே! சேலையூர் கேம்ப் ரோட்டுக் காற்றெல்லாம் கேட்கும்படி, பி பிளாக் பியூலா டீச்சரின் வணக்கம்!

பி பிளாக் என்றதும் ஏ பிளாக் பக்கம் கைதட்டல் குறைகிறதே! இருக்கட்டும், கதை முடியும்போது தட்டுவீர்கள்.

நாம் குளித்த நீர் எங்கே போகிறது? துவைத்த நீர் எங்கே போகிறது? சபையில் சொல்லக் கூசும் நீர்தான் எங்கே போகிறது? நம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே நாற்றம் நீங்குகிறது, நுரை நீங்குகிறது. நைட்ரேட் நீங்குகிறதா? நீங்கவில்லை ஐயா, நீங்கவில்லை! கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு, கால்வாய் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரை பயணம் போய், ஆகாயத்தாமரைக்கு விருந்து வைக்கிறது.

அந்த நைட்ரேட்டை அம்மோனியாவாக மாற்றினால் உரமாகும் என்று வந்தவள் ஜீவிதா. கொட்டாங்குச்சியைக் கரியாக்கி, கரியைத் தகடாக்கி, தகட்டை, சுத்திகரித்த கழிவுநீர் தேங்கும் ஏ பிளாக் தொட்டியில் நிறுத்தி, மின்சாரம் பாய்ச்சினாள். கரித்தகடுதான் வினையூக்கி. வினையூக்கி என்றால் யார்? நம் கல்யாணத் தரகர்தான்! சேர்த்து வைப்பார், தான் மாறாமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

"கமிஷன் உண்டா டீச்சர்?"

எங்கள் பி பிளாக் சரசு அக்கா, உங்கள் வாய் சும்மா இருக்காதே! கமிஷன் கரண்ட் பில்லில் போகிறது.

ஆராய்ச்சிக்கு நிதி தரும் குழு ஒரு காலையில் வருவதாகச் சொன்னது. கண்முன்னே அம்மோனியா வந்தால் சோதனை தொடரும். வராவிட்டால் கருவியை மூட்டை கட்ட வேண்டும். அந்தப் பெண்ணின் இத்தனை ஆண்டு உழைப்பும் அந்த ஒரு காலையில் தொங்கியது.

விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? வாசல் பெருக்குவோம், கோலம் போடுவோம், வீட்டைக் கழுவுவோம். நம் தலைவர் என்ன செய்தார்? கழிவுநீர்த் தொட்டியைக் கழுவினார்! ஏ பிளாக்கே திரண்டு, இருந்த நீரையெல்லாம் இறைத்துக் கொட்டி, பினாயில் ஊற்றித் தேய்த்து, டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வரவழைத்து நிரப்பி, ஊதுபத்தியும் ஏற்றி வைத்தது. எப்பேர்ப்பட்ட உபசாரம்!

குழு வந்தது. கருவி ஓடியது. சோதனைத் துளியை விட்டார்கள். அம்மோனியா இருந்தால் நீலம் வர வேண்டும். வந்ததா? தண்ணீர் தண்ணீராகவே சிரித்தது.

ஜீவிதா குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "சார்... தொட்டிய யாராவது கழுவினீங்களா?"

"ஆமாம்மா, பளபளன்னு கழுவிட்டோம்!" என்றார் தலைவர், பாராட்டை எதிர்பார்த்து.

"ஐயோ சார், அந்த அழுக்குதான் சார் எனக்கு வேணும்!"

என்ன செய்வது? யாரைக் கேட்பது? அப்போதுதான் பின்னாலிருந்து சரசு அக்கா முழங்கினார்: "இன்னாத்துக்கும்மா அழுவுற? எங்க தொட்டில அழுக்கு அப்படியே கீது!"

ஏன் இருந்தது? வாசல் கேட்டுக்கு நாங்கள் கேட்டது பச்சைப் பெயிண்ட்; சங்கம் அடித்தது நீலம். அந்தக் கோபத்தில் பி பிளாக்கில் ஒருவரும் துடைப்பத்தைத் தொடவில்லை. வீம்பு வாழ்க!

பட்டுப்புடவைக்காரர்கள் வாளி தூக்கினோம். வேட்டிக்காரர்கள் குடம் தூக்கினார்கள். வழியில் நின்ற ஏ பிளாக்கும் கை கொடுத்தது. தலைவரே முதல் வாளியை வாங்கி, சிந்தாமல் சிதறாமல் சாமி தீர்த்தம்போல ஏந்தி நடந்தார். பினாயில் பட்ட தகட்டைக் கழற்றிவிட்டு, ஜீவிதா பையிலிருந்த மாற்றுத் தகட்டை, அந்த நீர் ஊற்றிய அண்டாவில் பொருத்தினாள். குழுவினர் கிளம்பிவிடாமல் இருக்க, வடை மேல் வடையாக வைத்தோம். வேண்டாம் என்றவருக்கும் வைத்தோம்.

மறுபடி சோதனைத் துளி. மெல்ல, மெல்ல, மயில்கழுத்து நிறத்தில் நீலம்! ஜீவிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். பச்சை கேட்ட பி பிளாக் முழுவதும் அன்று நீலத்துக்குக் கைதட்டியது!

சோதனை தொடர்கிறது, தோழர்களே! நம் கழிவிலிருந்து வந்த உரம் நம் செம்பருத்திக்கே போகிறது. போன மாதம் வரை முகம் திருப்பிக்கொண்ட இரண்டு பிளாக்கும் இன்று ஒரே பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். வேறென்ன வேண்டும் எனக்கு?

பொன்னாடை வேண்டாம், முதலில் நீர் சுமந்த அந்த வாளியையே நினைவுப் பரிசாகத் தாருங்கள் என்று ஜீவிதா கேட்டாள். தலைவர் அவர்களே, அதை எடுத்து வாருங்கள். கைதட்டுங்கள்! இதோ வருகிறது... சார்! என்ன சார் இப்படி மின்னுகிறது? கழுவிட்டீங்களா?

"மேடைக்கு வருதேன்னு..."

சிரிக்காதீர்கள்! போகட்டும். ஜீவிதா, நம் வீடுகளில் எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகக் கொடுத்தனுப்பும் வழக்கம் இல்லை. போகும்போது பி பிளாக் தொட்டியில் நிரப்பிக்கொண்டு போ, கண்ணே! பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. எங்கள் அழுக்கை நம்பி வந்த இந்தப் பெண்ணுக்கு எல்லோருடைய வணக்கமும்!